தொடக்ககாலச் சொகுசுக் கார்களின் ஜாக்கிகள்

பஞ்சரான சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தும் கருவி ஜாக்கி. 1939 வரையிலான சொகுசுக் கார்களில் அதன் வடிவம், டயரும் ஆக்சிலும் ஸ்பிரிங்கும் மாறியதற்கு ஏற்ப மாறிவந்தது.

தோற்றம்: காருக்கு முன்பே ஜாக்கி உண்டு. 1795இல் ஜோசப் பிராமா ஹைட்ராலிக் அழுத்திக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். 1851இல் அமெரிக்கர் ரிச்சர்ட் டட்ஜன் கையில் எடுத்துச் செல்லும் ஹைட்ராலிக் ஜாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் முதல் கார்களின் கருவிப்பெட்டியில் பெரிதும் இடம்பெற்றது திருகு ஜாக்கியே.

திருகு ஜாக்கிக் காலம்: தொடக்கத்தில் சக்கரங்கள் எளிதில் கழற்ற முடியாதவை. சாலையோரத்திலேயே டயரை நெம்பிக் கழற்றி ஒட்டுப்போட வேண்டும். அதுவரை ஜாக்கி அசையாமல் தாங்க வேண்டும். கைப்பிடியை விட்டாலும் திருகு தானாக இறங்காது என்பதே அதன் பலம். 1904இல் வேல்ஸில் ஸ்டெப்னி மாற்றுச் சக்கரம் வந்தது. அந்தப் பெயரே இன்றும் நம் ஊர் ஓட்டுநர்களிடம் புழங்குகிறது. 1906 பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் கழற்றும் மிஷலின் ரிம்கள் நேரத்தை மிச்சப்படுத்தின.

அதே ஆண்டு அறிமுகமான ரோல்ஸ் ராய்ஸ் 40/50 (சில்வர் கோஸ்ட்) காரில் இரு முனைகளிலும் முழு ஆக்சில் இருந்தது. ஸ்பிரிங் அமரும் இடத்துக்கு அருகே ஆக்சிலைத் தூக்கினால் ஸ்பிரிங் விரிவதில்லை; சில அங்குல உயர்வே போதும். நிறுவனம் சேஸிஸை மட்டும் விற்றது. பார்க்கர், ஹூப்பர் போன்ற பட்டறைகள் பாடி கட்டின. ஆகவே ஒரே வகைச் சேஸிஸில் அமைந்த இரு கார்களின் எடையும் வேறுபட்டது.

1920களும் 1930களும்: குறைந்த காற்றழுத்த பலூன் டயர்கள் பரவின. காற்று இறங்கியதும் ஆக்சில் தரையை நெருங்கியதால், உயரம் குறைந்த ஜாக்கி தேவைப்பட்டது. 1936இல் வந்த ஃபாண்டம் III தனித்தியங்கும் முன் சஸ்பென்ஷன் கொண்டது. முன்புறம் தூக்குவதற்கு முழு ஆக்சில் இல்லை. ஆகவே அக்காரிலேயே ஜாக்கிகள் பொருத்தப்பட்டிருந்தன. ஸ்மித்ஸ் நிறுவனத்தின் ‘ஜாக்கால்’ ஹைட்ராலிக் அமைப்பு எம்.ஜி. எஸ்.ஏ., டபிள்யூ.ஏ. கார்களில் இடம்பெற்றது. பாடியின் அடியில் ஊர்ந்து ஜாக்கியை வைக்கும் தொல்லை, காரிலேயே பொருத்திய இத்தகைய ஜாக்கிகளால் நீங்கியது.

மதிப்பீடு: பழைய ஜாக்கியைத் தேர்ந்தெடுப்போர் முதலில் பார்க்க வேண்டியது, டயர் தட்டையான நிலையில் அது ஆக்சிலுக்கு அடியில் நுழையுமா என்பதையே. அடுத்து உயர்வு, தாங்கும் எடை, ஆக்சிலில் வழுக்காமல் பொருந்தும் தலை, மண்ணில் புதையாத அகன்ற அடித்தட்டு, எட்டி இயக்கும் நீண்ட கைப்பிடி. தாங்குதிறனைப் பாடியுடன் சேர்ந்த முழு எடையை வைத்தே கணக்கிட வேண்டும். திருகு ஜாக்கியில் மரைத் தேய்வையும், ஹைட்ராலிக்கில் சீல் கசிவையும் சோதிப்பது அவசியம்.

காரோடு வந்த அசல் ஜாக்கி கண்காட்சி மதிப்பைக் கூட்டும். ஆனால் காருக்கு அடியில் வேலை செய்யும்போது எந்தக் காலத்து ஜாக்கியையும் மட்டும் நம்பலாகாது. எடையை உறுதியான தாங்கிகளில் இறக்கி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே அடியில் நுழைய வேண்டும்.