கிரீன்லாந்து கயாக் ஏன் அவ்வளவு ஒடுக்கம்?

கிரீன்லாந்தின் இனுவிட் வேட்டைக்காரர்கள் கட்டிய கயாக்கைப் பார்த்தால், ஏறி உட்கார்ந்ததுமே கவிழ்ந்துவிடுமோ என்று தோன்றும். நீளம் ஐந்து மீட்டரைத் தாண்டும். அகலம் அரை மீட்டர் அளவுதான். ஓட்டுகிறவனின் விரித்த கைகளும் இடுப்பும்தான் அளவுகோல். மரம் அரிதான கரையில், கடல் ஒதுக்கிய கட்டையையும் சீல் தோலையும் நம்பிக் கட்டியதால் இப்படிச் சிறுத்துப்போனது என்று ஒரு விளக்கம் உண்டு. அது நிற்காது. அதே மக்கள் அதே கட்டையையும் தோலையும் கொண்டு, குடும்பத்தையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஏற்றிப்போகும் உமியாக் என்ற அகன்ற படகையும் கட்டினார்கள். ஒடுக்கம் பஞ்சத்தால் வந்ததல்ல, தெரிந்தே தேர்ந்தது.

காரணம் அலையில் இருக்கிறது. அகன்று தட்டையான அடிப்பாகம் நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும். பக்கவாட்டில் அலை எழும்பினால் அந்தச் சரிவோடு சேர்ந்து படகும் சாயும். குளத்தில் அசையாமல் நிற்க வைக்கும் குணமே கடலில் ஆளைக் கவிழ்க்கிறது. ஒடுங்கிய கயாக்கை அலை அவ்வளவு எளிதில் புரட்டாது; இடுப்பும் தொடையும் இறுகப் பொருந்தி உட்கார்ந்தவன் தன் உடம்பாலேயே அதை நிமிர்த்திப் பிடிக்கலாம். பழகாதவனுக்கு இது ஆபத்துதானே என்றால், ஆம், ஆபத்துதான். ஆனால் சிறுவயதிலேயே பழகி, கவிழ்ந்தாலும் துடுப்பை வீசி நிமிர்ந்தெழத் தெரிந்தவர்களுக்காகக் கட்டிய ஓடம் அது.

காற்றின் கணக்கு வேறு. கயாக் முன்னேறும்போது முன்முனை தண்ணீரை அழுத்தி ஊன்றிக்கொள்ளும். பின்முனை கலங்கிய நீரில் பிடிமானமின்றி வழுக்கும். பக்கக் காற்று வாலைத் தள்ளிவிட, முகம் காற்றை நோக்கித் திரும்பும். மேல்தளம் தாழ்வாக இருந்ததால் காற்றுக்குப் பிடி குறைவு. மிச்சத்தைத் துடுப்பு சரிசெய்தது. வேட்டையில் எறியீட்டி வீச ஒரு கை போதும்; மறு கை துடுப்பைப் பிடித்திருக்கும். துப்பாக்கி வந்தபோது துடுப்பைக் கீழே வைத்து இரண்டு கையாலும் குறிபார்க்க வேண்டியதாயிற்று. அந்த நொடியில் கயாக் திரும்பிவிட்டால் குறி தப்பும். ஆகவே பின்முனையின் அடியில் ஒரு சிறு பலகையைக் கட்டிக்கொண்டார்கள். வேட்டைக் கருவி மாறியதும் படகின் அடிப்பாகமும் மாறியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1959இல் ஸ்காட்லாந்து மாணவர் கென் டெய்லர் மேற்குக் கிரீன்லாந்தின் இல்லோர்சுயிட் கிராமத்திலிருந்து ஒரு கயாக்கை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுவந்தார். அதன் அளவுகளிலிருந்து பிறந்ததுதான் அனாஸ் அக்யூட்டா என்ற பிரிட்டிஷ் கயாக். இன்றைய கடல் கயாக்குகள் பலவற்றில் அந்த அடிப்பலகை, வேண்டும்போது இறக்கி ஏற்றும்படி இருக்கிறது. ஆகவே கயாக் வாங்குகிறவர்கள் அமைதியான நீரில் ஆட்டிப் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். பக்கக் காற்றில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.