கவர்னர் மாளிகையிலிருந்து வேப்பேரிக்கு

1761 ஜனவரி 16. நான்கு மாதத்துக்கும் மேல் நீண்ட முற்றுகை முடிந்து புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. உள்ளே தானியம் தீர்ந்துவிட்டது. சோறு போட வேண்டிய வாய்களைக் குறைப்பதற்காக ஊர்மக்களையே கோட்டைக்கு வெளியே துரத்திப் பார்த்தார் பிரெஞ்சுத் தளபதி லாலி. அதுவும் உதவாமல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் சரணடைந்தார். அடுத்த சில மாதங்களில் நகரம் இடிக்கப்பட்டது. கோட்டை, கவர்னர் மாளிகை, ஏசு சபையாரின் சம்பா கோவில் எல்லாம் செங்கல் குவியலாயின. அந்த ஊரின் நல்லது கெட்டதை இருபத்தைந்து ஆண்டுகள் நாட்குறிப்பில் எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளையும் அதே ஜனவரியில் கண்மூடினார்.

கைப்பற்றிய பொருள்களில் ஓர் அச்சுப்பொறி இருந்தது. கவர்னர் மாளிகையில் கிடைத்தது. பீரங்கி, வெடிமருந்து, துணிமூட்டை என்று வெற்றிபெற்றவர்கள் எண்ணிக் கணக்கெழுதிய பொருள்களுக்கு நடுவே அதற்குப் பெரிய மதிப்பு இருந்திருக்க முடியாது. அதைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் ஜார்ஜ் கோட்டையில் அதை வைத்து வேலை நடத்த ஆள் இல்லை.

வேப்பேரியில் ஒருவர் இருந்தார். யோஹான் பிலிப் பப்ரிசியஸ், 1711-இல் பிறந்த ஜெர்மானியர், லுத்தரன் பாதிரியார். 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742-இலிருந்து சென்னையில் ஊழியம் செய்தவர். அவர் பட்ட பாட்டையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1746-இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தபோது அவருடைய சபையின் கட்டடங்கள் போயின. சென்னை ஆங்கிலேயருக்குத் திரும்பிய பிறகு வேப்பேரிக் கோவில் அவருக்குக் கிடைத்தது. அதுவும் கத்தோலிக்கரிடமிருந்து எடுத்துக் கொடுத்ததுதான். 1758 டிசம்பரில் லாலியின் படை சென்னையை முற்றுகையிட வந்தபோது வேப்பேரி சூறையாடப்பட்டது. தம்மை நம்பியிருந்தவர்களை அழைத்துக்கொண்டு பழவேற்காட்டுக்கு ஓடினார். அங்கே டச்சுக்காரர்கள் இடம் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகூட ஆகவில்லை, அதே லாலியின் ஊரிலிருந்து வந்த அச்சுப்பொறி அவர் கைக்கு வந்தது. ஒரே ஒரு நிபந்தனை: கோட்டைக்கு ஏதாவது அச்சிட வேண்டியிருந்தால் அந்த வேலை முதலில் நடக்க வேண்டும்.

பப்ரிசியஸ் அந்த நிபந்தனையை ஏற்றதற்குக் காரணம் பள்ளிக்கூடம்.

தமிழில் அச்சுக்கும் பாடத்துக்கும் உள்ள உறவு பழையது. 1578-இல் கொல்லத்தில் ஏசு சபைப் பாதிரியார் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கப் பாடப்புத்தகம்தான்; முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்கு வேதம் கற்பிப்பதற்காக அச்சானது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் பாதிரியார் சீகன்பால்க் அடுத்த ஆண்டே பள்ளிகளைத் தொடங்கிவிட்டார், பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து. லண்டனில் இருந்த எஸ்.பி.சி.கே. என்ற சங்கம் அவருக்கு அச்சுப்பொறி அனுப்பியது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்து சேர்ந்தன. அதன் பிறகு எழுத்து வார்ப்பதும் காகிதம் செய்வதும் தரங்கம்பாடிப் பக்கத்திலேயே நடந்தன. அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்தான் பப்ரிசியஸ். பள்ளி நடத்துகிறவனுக்கு அச்சுக்கூடம் வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டிய விஷயமே இல்லை.

இப்படிப்பட்ட மிஷன் பள்ளிகளுக்கு யார் வந்தார்கள்? பெரும்பாலும் திண்ணைப் பள்ளியில் இடம் கிடைக்காத வீட்டுப் பிள்ளைகள். பறையர் குடியிருப்புப் பிள்ளைகள், வெள்ளைக்காரர் வீட்டு வேலைக்காரர்களின் பிள்ளைகள், தகப்பன் யாரென்றே தெரியாமல் விடப்பட்ட கலப்பினப் பிள்ளைகள், பஞ்சத்தில் அநாதையானவர்கள். தரங்கம்பாடியில் பல பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருந்தது. வயிறு காய்ந்த பிள்ளைக்கு அரிச்சுவடி ஏறாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெரியவர்களுக்குப் பாடம் சொல்ல உபதேசியார்கள் இருந்தார்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு வருகிறவர்களை உட்காரவைத்து, கேள்வியும் பதிலுமாக இருக்கும் ஞானோபதேசத்தை வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுப்பார்கள். எழுத்துத் தெரியாத தாய் தகப்பன் மனப்பாடமாக ஒப்பிப்பதையே பிள்ளை பள்ளியில் எழுத்தாகப் பார்க்கும். ஒரே பாடம் வீட்டுக்குள் இரண்டு வழியாக வந்தது.

புதுச்சேரிப் பொறியில் வேலை எப்படி நடந்திருக்கும் என்று பார்ப்போம். அந்தக் காலத்துப் பொறிகள் மரத்தால் ஆனவை. இரும்புப் பொறி வர இன்னும் நாற்பது ஆண்டு இருந்தது. ஒரு பொறிக்கு இரண்டு ஆள். ஒருவர் கையில் தோலுக்குள் கம்பளி அடைத்த இரண்டு மைப்பந்துகள் இருக்கும். அவற்றை ஒன்றோடொன்று தேய்த்து, கோத்துவைத்த எழுத்தின் மேல் தட்டித் தட்டி மை ஏற்றுவார். மற்றவர் முன்கூட்டியே நனைத்துவைத்த காகிதத்தை மேலே பரப்பி, உள்ளே தள்ளி, கைப்பிடியை உடம்பு முழுவதையும் கொடுத்து இழுப்பார். பிறகு ஒவ்வொரு தாளையும் கொடியில் உலரப்போட வேண்டும்.

எழுத்துக் கோப்பது அதைவிடக் கடினம். பிரெஞ்சுக்கு இருபத்தாறு எழுத்தோடு சில குறிகள் போதும். தமிழுக்கு, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக வார்த்துவிடலாம் என்றாலும், கு, கூ, மு, மூ என்று உகர ஊகார வரிசை முப்பத்தாறுக்கும் தனித்தனி அச்சு வேண்டும். போதாததற்கு ணா, றா, னா மூன்றும் அன்று சேர்ந்த வடிவங்கள். ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் சுழித்த தும்பிக்கை. இத்தனையையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய நிலையில் அடையாளம் கண்டு, அறைகளிலிருந்து பொறுக்கி அடுக்க வேண்டும். அச்சாகி வந்த பக்கமும் படிக்கிறவனுக்கு எளிதாக இருக்கவில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் அச்சில் இன்னும் நிலைபெறவில்லை. ‘அவன’ என்று இருந்தால் அது ‘அவன்’ஆ ‘அவன’ஆ என்று இடம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை அதைப் படித்து முன்னேறியது என்றால், அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாத்தியாரின் பொறுமையையும் சேர்த்துப் பாராட்ட வேண்டும்.

சென்னை அச்சு வரலாற்றை எழுதியவர்கள் சொல்வதன்படி, 1766-இல் வேப்பேரிக்குச் சொந்தப் பொறி வாய்த்ததும் புதுச்சேரிப் பொறி கோட்டைக்குத் திரும்பிப்போய் அரசாங்க அச்சுக்கூடத்தின் தொடக்கமானது. வேப்பேரியில் அது விட்டுப்போன வேலை நிற்கவில்லை. பப்ரிசியஸின் புதிய ஏற்பாடு 1772-இல் வந்தது, ஞானப்பாட்டுப் புத்தகம் 1774-இல். அவரும் உடன் ஊழியர் பிரைத்தாப்ட்டும் சேர்ந்து தொகுத்த, ஏறத்தாழ 9,000 சொற்கள் கொண்ட தமிழ் - ஆங்கில அகராதி 1779-இல் வெளியானது. கடைசிக் காலத்தில் பணவிவகாரத்தில் மாட்டி, கடனுக்காகச் சிறையிலும் இருந்து, 1791-இல் இறந்தார். பின்னால் வந்த மிஷன் பாதிரியார் ராட்லரின் பெரிய அகராதி 1834 முதல் 1841 வரை நான்கு பாகங்களாக அதே வேப்பேரியில் அச்சானது.

அச்சு வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த அகராதிகளிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் மனக்குறை உண்டு. அகராதியை வாங்கியவர் துரை, பாதிரியார், முன்ஷி. அலமாரியில் வைத்தார்கள், அதனால் தப்பியது. குழந்தைகளுக்கான அரிச்சுவடியும் ஞானோபதேசமும் மெல்லிய காகிதத்தில், அட்டையில்லாமல், கைக்குக் கை மாறி, வேர்வையிலும் மழையிலும் கிழிந்து போயின. அந்தப் பொறி வேப்பேரிக்குப் போனதன் பயன் அந்தக் கிழிந்த தாள்களில்தான் இருந்தது.

இந்தப் பள்ளிகளை நான் புகழ்ந்து மட்டும் எழுதினால் அது நேர்மையாகாது. மதம் மாற்றுவது அவர்களுடைய நோக்கம், அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. சாதி விஷயத்தில் சபைகள் பல முறை தோற்றிருக்கின்றன. தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து உட்காரவைக்கப் புதுச்சேரிக் கத்தோலிக்கக் கோவிலுக்குள் சுவர் இருந்ததையும் அதை இடித்ததால் எழுந்த சச்சரவையும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745-இல் எழுதி வைத்திருக்கிறார். கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டு கழித்து, 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவிட்டபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். ஆனாலும் ஒன்று நடந்தது. எழுத்தாணி பிடிக்கவே அனுமதியில்லாத வீட்டில் ஒரு பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொண்டது. அதை அந்தப் பிள்ளையிடமிருந்து எந்தச் சபையாலும் திரும்பப் பிடுங்க முடியவில்லை.

கொடுத்தது ஒரு பக்கம் மட்டுமே என்றும் நினைக்க வேண்டாம். 1789-இல் எழும்பூர் அநாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையோடு அதைச் சேர்த்து 1797-இல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பல்லாயிரம் பேர் அந்த ‘மெட்ராஸ் முறை’யில்தான் படித்தார்கள்.

பொறியைப் பறிகொடுத்த ஊர் என்ன ஆனது? 1763 பாரிஸ் உடன்படிக்கையின்படி புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பியது. சம்பா கோவில் இருந்த இடத்தில் இன்றைய ஜென்மராக்கினி மாதா கோவில் 1791-இல் எழுந்தது. ஏசு சபை கலைக்கப்பட்டு, பாரிஸ் அயல்நாட்டு மிஷன் குருக்கள் பொறுப்பேற்றிருந்தார்கள். ஆனால் ஏழைப் பிள்ளையின் கையில் கொடுக்கத் தமிழ்ப் புத்தகம் அச்சிடும் கூடம் அங்கே உருவாக 1840கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆயர் பொன்னான் காலத்தில், மாதா கோவிலைச் சேர்ந்த அந்த மிஷன் அச்சுக்கூடத்தை வளர்த்தவர்களில் முதன்மையானவர் லூயி சவினியன் துப்புயி. 1844-இல் புதுச்சேரியில் கூடிய குருக்கள் மன்றம் பள்ளிகளைப் பற்றித் தீவிரமாக விவாதித்தது. பெத்தி செமினார் பள்ளி தன் தொடக்கமாகச் சொல்வதும் அந்த ஆண்டைத்தான். அதே ஆண்டு அக்டோபரில் துப்புயி, மரியன்னையின் மாசற்ற இருதயத்தின் பெயரால் பிரான்சிஸ்கன் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். தமிழ்ப் பெண்களே கன்னியராகச் சேர்ந்து தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லும் சபை. பெண் படித்தால் கெட்டுப்போவாள் என்று கத்தோலிக்கக் குடும்பங்களும் நம்பிய காலம் அது. வீடு வீடாகப் போய்க் கேட்டுத்தான் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது.

அந்த அச்சுக்கூடத்திலிருந்தும் பெரிய புத்தகங்கள் வந்தன. வீரமாமுனிவரின் தேம்பாவணி முதன்முதலாக 1851 முதல் 1853 வரை மூன்று பாகமாகப் புதுச்சேரியில்தான் அச்சேறியது. மிஷன் குருக்கள் முசே, துப்புயி இருவரின் தமிழ் - பிரெஞ்சு அகராதியின் முதல் பாகம் 1855-இல் வந்தது. இவையெல்லாம் நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் சகோதரிகளின் பள்ளியில் சிறுமிகள் மடியில் வைத்துப் படித்த சிறு புத்தகங்களைத் தேடினால் கைக்கு அகப்படுவது மிகக் குறைவு. வேப்பேரியில் நடந்ததே இங்கும் நடந்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். புதுவையிலோ கடலூர், காரைக்கால், தரங்கம்பாடி, சென்னை பக்கத்திலோ உங்கள் வீட்டுப் பரணில் பாட்டி வைத்திருந்த ஞானோபதேசம், பழைய வாசகப் புத்தகம், மாதா கோவில் அச்சுக்கூடத்தின் பெயர் போட்ட ஜெபப்புத்தகம், முன்பக்கமும் பின்பக்கமும் இல்லாத அரிச்சுவடி எது இருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள், தீயிலும் போடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஒரு முறை கொண்டுபோய்க் காட்டுங்கள். ஓரத்தில் எந்தப் பிள்ளையாவது பென்சிலால் தன் பெயரை எழுதியிருந்தால் அதை அழித்துவிடாமல் கொடுங்கள்.