மேடையிலிருந்து வயலுக்கு: முதலாண்டுப் பொறியியல் வடிவமைப்புப் போட்டிகளின் வரலாறும் வட சிலாங்கூரும்

பொறியியல் படிக்க வந்தவர் முதலாண்டிலேயே கருவியைக் கையில் எடுக்க வேண்டும் என்பது பழைய எண்ணம். நடுவில் மங்கிப்போய் மீண்டும் துளிர்த்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கக் கல்லூரிகளில் பட்டறையின் இடம் சுருங்கியது. 1955இல் வெளிவந்த கிரின்டர் அறிக்கை, கணிதத்தையும் இயற்பியலையும் பொறியியல் அறிவியல்களையும் முன்னிறுத்தியது. கோட்பாடு வலுப்பெற்றது உண்மை. ஆனால் ஒரு பொருளைக்கூடச் செய்து பார்க்காமல் முதல் இரண்டு ஆண்டுகளைக் கடக்கும் மாணவர்களும் பெருகினார்கள். வடிவமைப்புப் போட்டி அந்த இடைவெளியில்தான் வேர்விட்டது. அது வளர்ந்த வழியைத் தொடர்ந்து பார்த்து, மலேசியாவில் பாகான் நக்கோடா ஓமார் முதல் கோலசிலாங்கூர் வரையுள்ள வட சிலாங்கூர் வட்டாரத்துக்கு அது எவ்வடிவில் வர வேண்டும் என்று வாதிடுகிறது இக்கட்டுரை.

1970களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வூடி ஃபிளவர்ஸ் நடத்திய 2.70 என்ற பாடம் இவ்வரலாற்றின் முக்கியத் தொடக்கம். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரே மாதிரியான பொருள்கள் அடங்கிய பை ஒன்று கொடுக்கப்படும். பையில் இருப்பதைக் கொண்டே இயந்திரம் செய்து, பருவ இறுதியில் இன்னொருவரின் இயந்திரத்தோடு மோதவிட வேண்டும். பொருளும் விதியும் எல்லாருக்கும் ஒன்றே என்பதால் வேறுபாடு சிந்தனையில் மட்டுமே. ஆயினும் அது இரண்டாம் ஆண்டுப் பாடம், தனியாள் போட்டி.

குழு என்ற கூறு வலுப்பெற்றது ஜப்பானில். தோக்கியோ தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் மசாஹிரோ மோரியின் முயற்சியை ஒட்டி, என்எச்கே ஒளிபரப்பு நிறுவனம் 1988இல் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கான ரோபோகோன் என்னும் ரோபோ போட்டியைத் தொடங்கியது. அங்கே பதினைந்து வயதிலேயே பொறியியல் படிக்க வருவார்கள். முதல் போட்டியில் உலர் மின்கலத்தின் சக்தியில் ஓர் ஆளைச் சுமந்து ஓடும் வண்டி கேட்கப்பட்டது. 1990இல் மாசசூசெட்ஸ், தோக்கியோ கழகங்கள் இரண்டின் மாணவர்களும் நாடு கலந்த குழுக்களாகச் சேர்ந்து இயந்திரம் செய்தார்கள். என் பார்வையில் இந்த வரலாற்றின் மிக அழகான திருப்பம் அதுதான். எதிராளியாக நிற்க வேண்டியவரோடு ஒரே மேசையில் அமர்ந்து, மொழி தடுக்கும்போது படம் வரைந்து பேச வேண்டியிருந்தது.

ஆசிய ரோபோகோன் 2002இல் தோக்கியோவில் தொடங்கி, 2006இல் கோலாலம்பூருக்கு வந்தது. இரட்டைக் கோபுரம் கட்டுவதே அவ்வாண்டின் கருப்பொருள். மலேசியப் பொறியியல் மாணவர்களிடையே இப்போட்டி ஊட்டிய உற்சாகம் பெரிது. ஆனாலும் பெருஞ்செலவு பிடிக்கும் இத்தகைய மேடைகளில் அனுபவமுள்ள மூத்த மாணவர்களே முன்னிற்பார்கள். புதிதாக வந்தவருக்குப் பெரும்பாலும் துணைவேலைதான் மிஞ்சும்.

முதலாண்டினருக்கென்றே தனிவழி வேறு திசையில் திறந்தது. 1990இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை, பொறியியல் கல்விச் சீர்திருத்தத்துக்காகப் பல்கலைக்கழகக் கூட்டணிகளுக்கு நிதி அளித்தது. அவற்றுள் ஒன்றில் பங்கேற்ற மேரிலாந்துப் பல்கலைக்கழகம் முதலாண்டு வடிவமைப்புப் பாடத்தை நிலைநிறுத்தியது. பிற்காலத்தில் அங்கே மாணவர் குழுக்கள் காற்றில் மிதந்து ஓடும் ஹோவர்கிராஃப்ட் செய்து போட்டியிட்டன.

அடுத்த திருப்பம் ஆஸ்திரேலியாவில். எல்லையற்ற பொறியாளர்கள் அமைப்பு 2007இல் தொடங்கிய முதலாண்டுப் போட்டியில் இயந்திரங்கள் மோதவில்லை. உண்மையான ஓர் ஊரின் தேவையே கேள்வித்தாள் ஆனது. 2011இல் அந்த ஊர் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்துத் தேவிகுளம். ஆரோவில்லின் பிச்சாண்டிகுளம் வனம் அமைப்பு உள்ளூர்ப் பங்காளியாக நின்றது. குடிநீர், கழிப்பிடம், வீடு, எரிசக்தி, குப்பை என்று மாணவர்கள் தலைப்பைத் தேர்ந்து தீர்வு வரைந்தார்கள். தேவிகுளத்தைக் கண்ணால் காணாத பதினெட்டு வயதினர் அவ்வூரின் மழையையும் மண்ணையும் படிக்க வேண்டியதாயிற்று. இதில் ஒரு குறையும் உண்டு. ஊரார் கேள்வியின் பொருளாக இருந்தார்கள். வரைந்தவர்களோ கடலுக்கு அப்பால் இருந்தார்கள்.

பொறியியல் பட்டங்களின் தரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009இல் முழு உறுப்பு நாடானது. வடிவமைப்பு, குழுப்பணி, நிலைத்தன்மை ஆகியவை அவ்வுடன்படிக்கையின்படி பட்டப்படிப்புகள் கட்டாயமாகக் காட்ட வேண்டிய கற்றல் விளைவுகள். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வேதிப் பொறியியல் பிரிவு, ‘பொறியியல் அறிமுகம்’ என்ற முதலாண்டுப் பாடத்திலேயே சிறு குழுக்களிடம் உண்மைச் சிக்கலை ஒப்படைக்கும் முறையை வளர்த்தெடுத்தது.

வட சிலாங்கூரில் இதற்கான நிறுவனங்கள் ஏற்கெனவே உள்ளன. பாகான் நக்கோடா ஓமாருக்கு அருகே சுங்கை ஆயர் தாவாரில் சுல்தான் இட்ரிஸ் ஷா பொலிடெக்னிக். தெற்கே பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர் பல்கலைக்கழக வளாகம். அதே பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நட்டார். நூறாண்டுக்கு மேலாகியும் அங்கே பிறந்த தொழிலின் கடினமான வேலைகள் இன்னும் உடலை நம்பியே நடக்கின்றன. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய காந்தாஸ் என்னும் மோட்டார் வெட்டுக்கருவி உயரம் குறைந்த மரங்களுக்குத் தோதானது; நெடுமரத்துக்கு இன்றும் நீண்ட கம்பமும் அரிவாளும்தான். பழுத்த குலையிலிருந்து சிதறும் உதிரிப் பழங்களைக் குனிந்து பொறுக்க வேண்டும். தாமதித்தால் கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெடும். மழைக்காலச் சேற்றில் தள்ளுவண்டி புதையும். தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்குப் பெர்ணம் ஆற்று நீர் தெங்கி ஆற்றின் வழி வருகிறது. வாய்க்காலின் கடைமடையில் நீர் அளவைக் காட்டும் மலிவான கருவி நல்ல போட்டிக் கேள்வி. கடலோரத்தில் மீன் காயவைக்கும் முறை இன்னொன்று.

இந்தச் சிக்கல்களை நுணுக்கமாக அறிந்தவர்கள் தோட்டப்புறத்தில் குலை வெட்டியும் பழம் பொறுக்கியும் வாழ்ந்த நம் பெரியவர்களும், இன்று அவ்வேலையைச் செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும்தான். தேவிகுளம் போட்டியின் குறையை நாம் திருத்த முடியும். கேள்வியை எழுதும்போதும் தீர்வை மதிப்பிடும்போதும் அவர்கள் மேசையில் அமர வேண்டும். பேராசிரியர் கணக்கைச் சரிபார்க்கட்டும். அந்த வண்டி சேற்றில் நகருமா என்று தீர்ப்பளிப்பவர் அதை நாள்தோறும் தள்ளியவராக இருக்கட்டும். வட சிலாங்கூரின் விரிவுரையாளர்கள் அடுத்த முதலாண்டுப் போட்டிக்குக் கேள்வி எழுதும் முன், ஒரு தோட்டத்துக்குச் சென்று உதிரிப் பழம் பொறுக்கும் பெண்களிடம் பேசிவிட்டு எழுத வேண்டும்.