நீல முட்டையின் ஊர் எது?



வளவில் கோழி வளர்க்கும் நம்மவர்களிடையே இப்போது நீல முட்டை, பச்சை முட்டை இடும் கோழிகளைப் பற்றித்தான் கதை. முட்டைக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள் என்கிறார் ஒருவர். ஊசி போட்ட கோழி என்கிறார் இன்னொருவர். சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் நல்லது என்று சொல்லி விலையைக் கூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மூன்றும் பிழை.

ஒரு நீல முட்டையை உடைத்து, ஓட்டின் உட்சவ்வை உரித்துப் பாருங்கள். உள்ளேயும் நீலம்தான். பழுப்பு முட்டையின் உட்பக்கம் வெள்ளையாக இருக்கும். பழுப்பு, முட்டை வெளியே வருவதற்கு முந்திய கடைசி மணித்தியாலங்களில் மேலே படிவது. நீலம், ஓடு உருவாகும்போதே அதனோடு கலந்து விடுவது. நீல ஓட்டின் மேல் பழுப்புப் படிந்தால் நமக்குப் பச்சையாகத் தெரியும். உள்ளே இருக்கும் கருவின் சத்து கோழி தின்னும் தீனியைப் பொறுத்தது. ஓட்டின் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இந்தக் கோழியின் சரித்திரத்துக்குச் சிலி நாட்டின் தெற்கே போக வேண்டும். அங்கே மாப்புச்சே என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். ஸ்பானியர் தலைமுறை தலைமுறையாகப் போரிட்டும் அவர்களுடைய நிலத்தை முழுதாகப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் சிலி அரசாங்கத்தின் படையே 1861 முதல் 1883 வரை கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கைப்பற்றியது. அந்த மக்களிடம் இருவகைக் கோழிகள் இருந்தன. வாலில்லாத கொல்யோன்கா நீல முட்டையிடும். கேத்ரோவுக்குக் காதோரம் இறகுக் குஞ்சம் இருக்கும், முட்டை நீலமல்ல. ரூபன் புஸ்தோஸ் என்ற சிலி நாட்டவர் இரண்டையும் கலந்து பெருக்கினார்.

1914இல் சிலிக்குப் போன ஸ்பானியப் பேராசிரியர் சால்வடோர் காஸ்தெல்யோ இந்தக் கலப்புக் கோழிகளைக் கண்டு அசந்து போனார். 1921இல் ஹேக் நகரில் கூடிய முதலாவது உலகக் கோழி வளர்ப்பு மாநாட்டில், இது உலகம் அறியாத புதிய இனம் என்று அறிவித்து லத்தீன் பெயரும் வைத்தார். 1924இல் பார்சிலோனாவில் அவரே அதைத் திருத்திக்கொண்டார். ஆனால் முதற்செய்தி ஓடிய வேகத்தில் திருத்தம் ஓடவில்லை. (நம் காலத்து வட்ஸ்அப் செய்தி மாதிரித்தான்.)

நிலைத்த பெயர் அரௌக்கானா. மாப்புச்சே மக்களுக்கு ஸ்பானியர் வைத்த பெயரிலிருந்து வந்தது அது. அந்த மக்கள் தம்மை அப்படி அழைப்பதில்லை. காலங்காலமாக வளர்த்தவர்கள் வைத்த பெயர்கள் ஒதுங்கிவிட்டன. நமக்கும் இது புதிதில்லை. நம் தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழியின் விஞ்ஞானப் பெயரில் இருப்பது லஃபயெட் என்ற பிரெஞ்சுத் தளபதி. 1831இல் ஒரு பிரெஞ்சு இயற்கையியலாளர் சூட்டியது.

சீனாவிலும் நீல முட்டைக் கோழிகள் உண்டு. ஒரு பழைய வைரஸின் துண்டு கோழியின் பரம்பரையலகுக்குப் பக்கத்தில் புகுந்ததே இந்த நிறத்துக்குக் காரணம் என்று 2013இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. சீனக் கோழியிலும் சிலிக் கோழியிலும் அது புகுந்த இடம் வேறு வேறு. ஆகவே ஒன்று மற்றதிலிருந்து வந்ததல்ல. சாப்பிடுவதற்குப் பயப்படவும் தேவையில்லை.

அமெரிக்கக் கோழிச் சங்கம் 1976இல் ஏற்றுக்கொண்ட அரௌக்கானாவுக்கு வால் இருக்கக் கூடாது, காதுக் குஞ்சம் இருக்க வேண்டும். குஞ்சத்துக்கான பரம்பரையலகு தாய், தந்தை இரு பக்கமும் வந்தால் கோழிக்குஞ்சு ஓட்டுக்குள்ளேயே மௌத்தாகிவிடும். குஞ்சமுள்ள சேவலையும் பேட்டையும் சேர்த்து அடை வைத்தால் ஏறக்குறைய நான்கில் ஒன்று போகும். பரிசுக் கோப்பைக்காக இப்படிச் சோடி சேர்ப்பது நமக்குச் சரியாகப் படவில்லை. வாயில்லா ஜீவன்களும் நம்மிடம் அமானிதம்தான். குஞ்சமில்லாத ஒன்றோடு சேர்த்தால் இந்தச் சாவு தவிரும்.

நிறத்தைப் பயனுக்கு எடுத்தவர் கேம்பிரிட்ஜின் ரெஜினோல்ட் புனட். உயர்தர உயிரியல் பிள்ளைகள் வரைகிற புனட் சதுரம் இவருடையதுதான். நீல முட்டை ஒரேயொரு ஆட்சியுடைய பரம்பரையலகால் வருவது என்று 1933இல் காட்டியவரும் இவரே. இவரும் மைக்கேல் பீஸும் உருவாக்கிய கிறீம் லெக்பார் நீல முட்டையிடும். பொரித்த அன்றே பேடா சேவலா என்று தூவியில் தெரிந்துவிடும். பேட்டுக் குஞ்சின் முதுகில் கடும்பழுப்புக் கோடு தெளிவாக ஓடும். சேவற்குஞ்சு மங்கலாக, தலையில் வெளிர்ப் புள்ளியோடு இருக்கும்.

காசு கொடுத்து வாங்கப் போகிறவர்கள் இறகின் நிறத்தை நம்ப வேண்டாம். நீலப் பரம்பரையலகு ஒன்று மட்டும் உள்ள சேவலை ஊர்க்கோழிப் பேடுகளோடு விட்டால், பிறக்கும் பேடுகளில் பாதிதான் நீலமோ பச்சையோ இடும். இரண்டும் உள்ள சேவலென்றால் எல்லாமே இடும். அந்தச் சேவலுக்கு முன்பு பிறந்த பேடுகள் வளர்ந்து என்ன நிற முட்டை இட்டன என்று விற்பவரிடம் கேளுங்கள்.