உயிர்க்கோளத்துக்கு உயிர் உண்டா?

செவ்வாயில் உயிர் உண்டா என்பதை அங்கே போகாமலே அறிய முடியுமா? 1960களில், கலிபோர்னியாவின் பாசடீனாவிலுள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் ஆய்வுகளில் பங்கேற்ற பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜேம்ஸ் லவ்லாக், முடியும் என்றார். மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை, காற்றை ஆராய்ந்தால் போதும் என்பது அவரும் டயான் ஹிட்ச்காக்கும் முன்வைத்த வாதம். செவ்வாயின் காற்றில் ஏறத்தாழ 95 விழுக்காடு கரியமில வாயு. வினைகளெல்லாம் அநேகமாக முடிந்து அடங்கிவிட்ட காற்று அது. பூமியின் காற்று அடங்காதது. 21 விழுக்காடு ஆக்ஸிஜனோடு, பத்து லட்சத்தில் ஏறத்தாழ 2 பங்கு மீத்தேனும் அதில் கலந்திருக்கிறது. சதுப்பு நிலங்களிலும் நெல்வயல்களிலும் மாட்டின் இரைப்பையிலும் வாழும் நுண்ணுயிர்கள் ஈடுசெய்துகொண்டே இராவிட்டால், அந்த மீத்தேனில் பெரும்பங்கு சில பத்தாண்டுகளில் வினைப்பட்டு மறைந்துவிடும்.

இந்தக் கவனிப்பிலிருந்து கையா கோட்பாடு பிறந்தது. பெயர் தந்தவர் நாவலாசிரியர் வில்லியம் கோல்டிங். நுண்ணுயிர்களின் வரலாற்றைக் கொண்டுவந்து சேர்த்தவர் உயிரியலாளர் லின் மார்குலிஸ். சூழலுக்கேற்ப மாறுவதோடு நில்லாமல், சூழலையே வாழத்தக்கதாக உயிர்கள் வைத்திருக்கின்றன என்பது அதன் சாரம்.

எதிர்ப்பு கடுமையாக வந்தது. பூமி இனம் பெருக்குவதில்லை, அதனோடு போட்டியிட வேறு பூமிகளும் இல்லை. பிறகு இயற்கைத் தேர்வு அதை எப்படிச் செதுக்கியிருக்கும்? உயிரியலாளர்களான ஃபோர்டு டூலிட்டில் 1981இலும் ரிச்சர்ட் டாக்கின்ஸ் அடுத்த ஆண்டிலும் இவ்வாறு மறுத்தார்கள். வலுவான மறுப்பு. இதற்குப் பதிலாக, நோக்கமே இல்லாமலும் வெப்பம் சீர்ப்படலாம் என்று லவ்லாக்கும் ஆண்ட்ரூ வாட்சனும் 1983இல் 'டெய்ஸி உலகம்' என்ற கணித மாதிரியால் காட்டினார்கள். ஆனால் மாதிரி சாட்சியாகிவிடாது.

சாட்சி தேடினால் பாறைகளிடம்தான் போக வேண்டும். சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியன் இன்றைய ஒளியில் 70 விழுக்காடு அளவே வீசியது. அப்போதும் பூமியில் நீர் உறையாமல் இருந்தது. சூரியன் ஒளி கூடிய பின்னும் கடல்கள் வற்றிவிடவில்லை. வெப்பத்தைச் சீராக்கும் வழி ஒன்று உண்டு: மழைநீரில் கரைந்த கரியமில வாயு பாறையை அரிக்கிறது. அரிபட்டது கடலை அடைந்து சுண்ணாம்புக் கல்லாகப் படிகிறது. வெப்பம் ஏறினால் அரிப்பும் விரைவாகி, காற்றிலுள்ள கரியமில வாயு குறைகிறது. இது வெறும் வேதியியல். உயிரற்ற கோளிலும் நடக்கக்கூடியது. ஆனால் வேர்களும் பூஞ்சைகளும் லைக்கன்களும் பாறையை அமிலத்தால் கரைத்து இந்த அரிப்பைப் பல மடங்கு விரைவுபடுத்துகின்றன. வேதியியல் எங்கே முடிகிறது, உயிர் எங்கே தொடங்குகிறது என்று இங்கே கோடு கிழிக்க என்னால் இயலவில்லை.

அதற்காகப் பூமியை அன்னை என்று கொண்டாடுவதை நான் ஏற்கவில்லை. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்ஸிஜன் சேரத் தொடங்கியபோது, அதைத் தாங்க இயலாத நுண்ணுயிர்களுக்கு அது நஞ்சாயிற்று. உயிர் உயிரையே அழித்த காலம் அது. இருந்தும் மொத்தத் தொடர் அறுபடவில்லை. அன்று மறுத்த அதே டூலிட்டில், 2017இல் தம் நிலையை மாற்றிக்கொண்டார்: பெருகாமலே நீடித்திருப்பதையும் இயற்கைத் தேர்வின் கணக்கில் சேர்க்கலாம் என்றார். இதுவே எனக்கும் சரியாகப்படுகிறது. உயிர்க்கோளத்தை ஒரு விலங்கைப் போன்ற உயிரி என்பது பிழை. ஆயினும் 350 கோடி ஆண்டுகளாக அறுபடாமல் தொடர்ந்துவரும் ஒன்றை உயிரற்றது என்று ஒதுக்குவது அதைவிடப் பெரிய பிழை.

லவ்லாக் 2022 ஜூலை 26இல், தம் 103ஆம் பிறந்தநாளில் மறைந்தார். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் வண்ணப் படங்கள் முழுமையாக வெளியானது அதே மாதம் 12ஆம் தேதி. தொலைதூர விண்மீன்களைச் சுற்றும் கோள்களின் காற்றை அது இன்று அலசுகிறது. ஆக்ஸிஜனும் மீத்தேனும் சேர்ந்திருக்கும் கோள் ஒன்று தென்பட்டால், அங்கே உயிர் இருக்கலாம் என்பதற்கு வலுவான சான்றாக அதையே கொள்வார்கள்.