பரவல், பிரசாரணப் பரிசோதனைகள்

மூலக்கூறுகள் தம் ஓயாத அசைவினால் செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பெயர்வது பரவல். தேர்ந்து ஊடுபுகவிடும் மென்சவ்வு ஒன்றின் ஊடாக, நீரழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு நீர் செல்வது பிரசாரணம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இது சவ்வூடு பரவல் எனப்படும். இலங்கையில் சாதாரண தர விஞ்ஞானத்தில் கண்ணால் பார்க்கும் காட்சியாகத் தொடங்கும் இப்பரிசோதனைகள், உயர்தர உயிரியலில் அளவீடுகளாகின்றன. நுணுக்குக்காட்டியைத் தவிர விலைகூடிய கருவி எதுவும் வேண்டியதில்லை. கல்முனையின் பெரிய கல்லூரிகளில் செய்வதை, இறக்காமம் பிரதேசத்தின் வயற்புற ஊரான வரிப்பத்தான்சேனையிலும் அப்படியே செய்யலாம்.

பரவலுக்கு வழமையாகக் காட்டப்படுவது, முகவை நீரின் அடியில் இடப்படும் பொற்றாசியம் பரமங்கனேற்றுப் பளிங்கு. சில நிமிடங்களில் ஊதா நிறம் எங்கும் பரவிவிடும். உண்மையில் இது பரவலுக்கு நல்ல சான்று அல்ல. அந்த வேகத்துக்குப் பெரும்பாலும் காரணம் நீரின் ஓட்டமே: ஊற்றும்போது ஏற்பட்ட கலக்கமும், சிறிய வெப்பநிலை வேறுபாடும் நிறத்தைச் சுமந்து செல்கின்றன. சிறு மூலக்கூறுகளுக்கு நீரில் பரவற் குணகம் செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு சதுர மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. அதன்படி தனிப் பரவலால் 1 சென்ரிமீற்றர் கடக்க ஏறத்தாழ 14 மணித்தியாலமும், 10 சென்ரிமீற்றர் கடக்க ஏறத்தாழ இரண்டு மாதமும் ஆகும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகிறது. இந்தத் தொடர்பை 1855இல் அடோல்ப் பிக் வகுத்த விதிகளிலிருந்து பெறலாம். ஆனால் 10 மைக்கிரோமீற்றர் அகலமுள்ள கலம் ஒன்றைக் கடக்க ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கு போதும். கலங்கள் சிறிதாக இருப்பதன் பயன் இதில் தெரிகிறது.

ஓட்டத்தைத் தடுக்க ஏகார் கூழ் பயன்படுகிறது. நோன்பு காலத்தில் கிழக்குக் கரை வீடுகளில் காய்ச்சிப் பாத்திரத்தில் உறையவிடும் கடற்பாசியும் இதே பொருள்தான். பினோத்தலீனும் சிறிது சோடியம் ஐதரொட்சைட்டும் கலந்த இளஞ்சிவப்புக் கூழை 1, 2, 3 சென்ரிமீற்றர்ப் பக்கமுள்ள கனவடிவங்களாக வெட்டி ஐதான ஐதரோக்குளோரிக்கமிலத்தில் இட்டால், நிறம் வெளியிலிருந்து உள்நோக்கி அழிந்துகொண்டு போகும். அமிலம் எல்லாக் கட்டிகளிலும் ஒரே ஆழத்துக்குத்தான் நுழைகிறது. சின்னக்கட்டி முழுதும் வெளுத்தபின்னும் பெரியதன் நடுவில் சிவப்பு எஞ்சியிருக்கும். மேற்பரப்புக்கும் கனவளவுக்கும் உள்ள விகிதம் முறையே 6, 3, 2 என இறங்குவதே காரணம்.

விஸ்கிங் குழாய்ப் பரிசோதனையை இங்கு சுருக்கமாகச் சொன்னால் போதும். மாப்பொருட் கரைசலை உள்ளே வைத்துக் கட்டி, அயடீன் கரைசலில் தொங்கவிட்டால் குழாயினுள் கருநீலம் தோன்றும், வெளியே தோன்றாது. அயடீன் துளைகளூடே நுழைகிறது, மாப்பொருள் வெளியேற முடியவில்லை. பொருட்களை இப்படி மென்சவ்வால் பிரிக்கும் முறையை 1861இல் விவரித்தவர் தோமஸ் கிரஹாம். சிறுநீரக நோயாளருக்கு இன்று செய்யும் குருதிச் சுத்திகரிப்பு இதன் வழிவந்தது.

பிரசாரணத்தின் கதை 1748இல் பாரிசில் தொடங்குகிறது. மதுசாரம் நிரப்பிய பாத்திரத்தின் வாயை விலங்கின் சிறுநீர்ப்பைத் தோலால் கட்டி நீரில் அமிழ்த்திய ஜீன் அந்துவான் நொலே, தோல் வெளியே புடைப்பதைக் கண்டார். 1877இல் வில்ஹெல்ம் பெபர் மெருகிடாத மட்கலச் சுவரில் செப்புப் பெரோசயனைட்டு மென்சவ்வைப் படியவைத்து, 1 சதவீதச் சீனிக் கரைசலின் அமுக்கத்தை ஏறத்தாழ 53 சென்ரிமீற்றர் இரச உயரமாக அளந்தார். அந்த எண்களைக்கொண்டு, ஐதான கரைசலின் பிரசாரண அமுக்கம் வாயு விதிகளுக்குக் கீழ்ப்படிகிறது என்று வான்ற் ஹொவ் காட்டினார். 1901இல் வழங்கப்பட்ட இரசாயனத்துக்கான முதல் நொபெல் பரிசு அவருக்கே கிடைத்தது.

தாவரக் கலத்தை அளவுகருவியாக்கியவர் ஹியூகோ டி விரீஸ். 1884இல் வெளியான அவருடைய ஆய்வில் பயன்பட்ட தாவரங்களுள் ஒன்று, அன்று திரதெஸ்கன்சியா டிஸ்கலர் எனப்பட்ட செடி. இலங்கை உயர்தர மாணவர் இன்று றியோ என்ற பெயரில் அறிவதும் அதே செடியே. மேலே பச்சையும் அடியில் ஊதாவுமான வாள்போன்ற இலையோடு முற்றத்துப் பூச்சாடிகளில் நிற்கும் அலங்காரச் செடி அது. இலையை முறித்து இழுத்தால் அடிப்புற மேற்றோல் மெல்லிய ஊதாத் தாளாக உரிந்துவரும். நிறமி புன்வெற்றிடத்தினுள் இருப்பதால் சாயமேற்ற வேண்டியதில்லை.

உரித்த துண்டுகளை வெவ்வேறு செறிவுள்ள சுக்குரோசுக் கரைசல்களில் ஏறத்தாழ 20 நிமிடம் வைத்து, வழுக்கியில் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஐதான கரைசலில் ஊதா நிறம் கலச்சுவர்வரை நிரம்பி நிற்கும். செறிந்த கரைசலில் முதலுரு மூலைகளில் கழன்று, பின் நடுவில் ஊதா உருண்டையாக ஒதுங்கும். இதுவே முதலுருச்சுருக்கம். சுருங்கிய கலங்களை எண்ணிச் சதவீதமாக்கி, செறிவுக்கு எதிரே வரைபு வரைந்தால், 50 சதவீதத்துக்கு நேரான செறிவு கிடைக்கும். அந்நிலையில் சுவர் முதலுருவை நெருக்குவதில்லை. அமுக்க அழுத்தம் பூச்சியம். எனவே வெளிக்கரைசலின் கரைய அழுத்தமும் கலச்சாற்றின் கரைய அழுத்தமும் சமன். வரைபில் லீற்றருக்கு 0.25 மூல் என வந்தால், நம் பக்கத்து 30 பாகை செல்சியசில் அது -0.63 மெகாபஸ்கால்.

ஒரு துண்டை முதலில் கொதிநீரில் இட்டுப் பார்ப்பது நல்ல ஒப்பீடு. மென்சவ்வு சிதைந்து ஊதாச்சாறு நீரில் கசிந்துவிடும். பின்னர் எவ்வளவு சீனி சேர்த்தாலும் சுருக்கம் தோன்றாது.

உருளைக்கிழங்குக் கீலங்களின் நிறை மாற்றத்தை அளக்கும் பரிசோதனையை மாணவர் பலர் இதனோடு குழப்பிக்கொள்கின்றனர். கீலம் நிறை கூடாமலும் குறையாமலும் இருக்கும் செறிவு, இழையத்தின் நீரழுத்தத்தைத் தருகிறது. அங்கே கலங்களில் வீக்கம் இன்னும் எஞ்சியிருக்கலாம். ஆகவே அதைக் கரைய அழுத்தம் என்று எழுதினால் புள்ளி கிடைக்காது. விதைநெல்லை ஊறவைக்கும்போது முதலில் நீர் ஏறுவதும் பெரும்பாலும் பிரசாரணம் அல்ல. உலர்ந்த மாப்பொருளும் புரதமும் நீரை ஈர்க்கும் உட்கொள்ளுகை அது.

சீனிக்குப் பதிலாகக் கறியுப்பை எடுத்தால் கணக்கு மாறும். உப்பு இரண்டு அயன்களாகப் பிரிவதால், அதே மூல் அளவுக்கு ஏறத்தாழ இருமடங்கு விளைவு கிடைக்கும். கடல்நீரின் பிரசாரண அமுக்கம் ஏறத்தாழ 2.5 மெகாபஸ்கால், மேலே சொன்ன றியோக் கலச்சாற்றினதைப்போல் நான்கு மடங்கு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறைக் கரையோரக் கிணறுகளிலும் காணிகளிலும் புகுந்தது இந்த நீர்தான். மண்கரைசலின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 தெசிசீமன்சைத் தாண்டினாலே நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். கடல்நீரில் அது ஏறத்தாழ 50.

உவர்நிலத்தில் நெல்லுக்கு வரும் கேடு இரண்டு கட்டமானது. முதலில் வேர் நீரை இழுக்கத் திணறுகிறது. பின்னர் சோடியம் இலைகளில் சேர்ந்து நஞ்சாகிறது. கேரளத்துப் பொக்காளி நெல்லைப் பெற்றோராகக்கொண்டு இலங்கையில் உருவான ஏடீ 354 உவர்நிலத்துக்குப் பரிந்துரைக்கப்படும் இனம். தண்டுக்கும் இலைக்கும் ஏறும் சோடியத்தை மட்டுப்படுத்துவது பொக்காளியின் முக்கிய இயல்பு. சுக்குரோசுக் கரைசல் இந்த இரண்டில் முதலாவதை மாத்திரமே காட்டும். பரிசோதனை நேரத்துள் சுக்குரோசு கலத்தினுள் மிகக் குறைவாகவே நுழைகிறது, நஞ்சும் ஆவதில்லை. ஆய்வுகூடத்தில் உப்பைவிட அது விரும்பப்படுவதும் அதனால்தான்.