வானூர்தி நிலையங்களுக்கு அருகில் டிரோன் பறக்கவிடும் விதிகள் (கன்னியாகுமரி மாவட்டம்)

வானூர்தி நிலையங்களுக்கு அருகில் டிரோன் பறக்கவிடும் விதிகள் என்பன, ஆளில்லாச் சிறு வானூர்திகளால் பயணிகள் வானூர்திகளுக்கு இடர் நேராமல் தடுக்க இந்திய அரசு வகுத்துள்ள கட்டுப்பாடுகள் ஆகும். கன்னியாகுமரி மாவட்டத்தில் பயணிகள் வானூர்தி நிலையம் எதுவும் இல்லை. எனினும் அண்டை மாநிலமான கேரளத்தின் திருவனந்தபுரம் பன்னாட்டு வானூர்தி நிலையம் மாவட்டத்தின் மேற்கு எல்லைக்கு அருகில் இருப்பதால், இவ்விதிகள் இம்மாவட்டத்தவருக்கும் தொடர்புடையவை. தடை வட்டங்கள் மாநில எல்லையைக் கருதாமல், நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து அளக்கப்படுகின்றன.

வரலாறு

குடிசார் வானூர்திப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2014 அக்டோபரில் பொதுமக்கள் ஆளில்லா வானூர்திகளைப் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தது. 2018 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிமுறைகள் கட்டுப்பாடுகளுடன் பறக்கவிட வழி செய்தன. அவற்றின்படி சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஐதராபாத் நிலையங்களைச் சுற்றி 5 கிலோமீட்டரும், பிற நிலையங்களைச் சுற்றி 3 கிலோமீட்டரும் தடைப் பகுதிகளாயின.

தற்போதைய அடிப்படை, 2021 ஆகஸ்ட் 25 அன்று அரசிதழில் வெளியான டிரோன் விதிகள் 2021 ஆகும். இவ்விதிகள் வானூர்தி நிலையத்தைச் சுற்றிய மஞ்சள் மண்டலத்தை 45 கிலோமீட்டரிலிருந்து 12 கிலோமீட்டராகக் குறைத்தன. வான்வெளி வரைபடம் 2021 செப்டம்பரில் வெளியிடப்பட்டது.

வான்வெளி மண்டலங்கள்

வரைபடம் வான்வெளியை மூன்று நிறங்களில் பிரிக்கிறது.

சிவப்பு மண்டலம்: நடுவண் அரசின் இசைவின்றிப் பறக்கவிடக் கூடாத பகுதி. வானூர்தி நிலையச் சுற்றெல்லையிலிருந்து 5 கிலோமீட்டர் வரையிலான பகுதி இதில் அடங்கும்.

மஞ்சள் மண்டலம்: வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டகத்தின் இசைவு தேவைப்படும் பகுதி. நிலையத்திலிருந்து 5 முதல் 8 கிலோமீட்டர் வரையிலான பகுதியும், 8 முதல் 12 கிலோமீட்டர் வரையிலான பகுதியில் 200 அடிக்கு மேற்பட்ட வான்வெளியும் இதில் சேரும்.

பச்சை மண்டலம்: முன் இசைவு தேவைப்படாத பகுதி. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி (60 மீட்டர்) உயரமும், சிவப்பு, மஞ்சள் என வரையறுக்கப்படாத பிற இடங்களில் 400 அடி (120 மீட்டர்) உயரமும் எல்லைகளாகும்.

உயர வரம்பின் காரணம்

தரையிறங்கும் பயணிகள் வானூர்தி பொதுவாக 3 பாகைச் சரிவில் இறங்குகிறது. இக்கணக்கின்படி தரை தொடும் இடத்திலிருந்து 5 கிலோமீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 260 மீட்டர் உயரத்திலும், 2 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 105 மீட்டர் உயரத்திலும் இருக்கும். எனவே பிற இடங்களில் தீங்கற்ற 120 மீட்டர் உயரம், ஓடுபாதையின் அருகில் வானூர்தியின் வழியிலேயே அமைந்துவிடுகிறது.

2017 அக்டோபரில் கனடாவின் கியூபெக் நகருக்கு அருகில் இறங்கிக்கொண்டிருந்த சிறு பயணிகள் வானூர்தி ஒன்றின் மீது டிரோன் மோதியது. வானூர்தி பத்திரமாகத் தரையிறங்கியது. 2025 சனவரியில் லாஸ் ஏஞ்சலசுக் காட்டுத்தீயை அணைத்துக்கொண்டிருந்த வானூர்தியின் இறக்கையைப் பொழுதுபோக்கு டிரோன் ஒன்று துளைத்ததால், அவ்வானூர்தி பழுதுபார்ப்பிற்காகப் பணியிலிருந்து விலக்கப்பட்டது.

கன்னியாகுமரி மாவட்டத்தில்

திருவனந்தபுரம் நிலையத்தின் ஓடுபாதை வடமேற்கு–தென்கிழக்காக அமைந்துள்ளது. தென்கிழக்கிலிருந்து இறங்கும் வானூர்திகள் விழிஞ்ஞம் கடற்கரைப் பக்கமாக வருகின்றன. மாவட்டத்தின் மேற்கு முனையான நீரோடி, நிலையத்திலிருந்து நேர்க்கோட்டில் 25 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஆகவே 12 கிலோமீட்டர் வட்டம் மாவட்டத்தைத் தொடுவதில்லை. முந்தைய 45 கிலோமீட்டர் அளவின்படி களியக்காவிளை, மார்த்தாண்டம் ஆகிய ஊர்கள் வட்டத்திற்குள் அடங்கும். நாஞ்சில் நாட்டின் நாகர்கோவில் அதற்கு வெளியே அமையும். தூத்துக்குடி வானூர்தி நிலையம் 70 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவில் உள்ளது.

இதனால் மாவட்டம் முழுவதும் தடையற்றது எனக் கொள்ளலாகாது. வானூர்தி நிலையம் அல்லாத பிற முக்கிய இடங்களும் சிவப்பு மண்டலமாக அறிவிக்கப்படலாம். மேலும் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர், ஒரு பகுதியை ஒரு முறைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க இயலும். விவேகானந்தர் பாறை, 2000 சனவரி 1 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை ஆகியவற்றைக் காணத் தலைவர்கள் வருகை தரும் குமரிமுனையில் இவ்விதி கருத்தில் கொள்ளத்தக்கது. வரைபடம் மாறக்கூடியது என்பதால், ஒவ்வொரு முறையும் பறக்கவிடுவதற்கு முன் அதைப் பார்ப்பது கட்டாயமாகும்.

பறக்கவிடுபவரின் பிற கடமைகள்

டிரோன்கள் எடையால் வகைப்படுத்தப்படுகின்றன. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோகிராம் வரை மைக்ரோ எனப்படும். நானோ வகைக்கும், வணிக நோக்கமற்ற மைக்ரோ வகைக்கும் தொலை இயக்குநர் சான்றிதழ் தேவையில்லை. திருமணப் படப்பிடிப்பு போன்ற கட்டணப் பணிக்கு மைக்ரோ டிரோனைப் பயன்படுத்துவோருக்கு அது தேவை. விதிவிலக்குப் பெறாத ஒவ்வொரு டிரோனும் பதிவு செய்யப்பட்டுத் தனித்த அடையாள எண் பெற வேண்டும். ஆளேறிய வானூர்திக்கு எப்போதும் வழிவிட வேண்டும். விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்திற்குள் அறிக்கை அளிக்க வேண்டும்.

விதிமீறலுக்கு 1 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கப்படலாம். பச்சை மண்டலத்திலும் இக்கடமைகள் நீங்குவதில்லை. அங்கு முன் இசைவு பெறுவது மட்டுமே தேவையற்றதாகிறது.